ஓவியம் படிச்சவங்க எப்படிச் சாப்பிட்டாங்க?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போடதான் ஆரம்பிக்கணும். என் சித்தி பொண்ணுகிட்ட கேட்க வேண்டிய மன்னிப்பு.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ப்ளஸ் டூ முடிச்ச என் தங்கச்சி, எழும்பூர்ல இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியில பி.எஃப்.ஏ. சேரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. சித்தி சாம்பார் ஊத்திக்கிட்டே, "நீதான்டா வெளியுலகம் தெரிஞ்சவன், நீ சொல்லு. படம் வரைஞ்சா வேலை கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. சித்தப்பா டிவியை ம்யூட் பண்ணிட்டார். எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல ஒரு இன்ஜினியரிங் டிகிரியை முடிச்சிடும்மா. ஆர்ட்டை சைடுல வச்சுக்கலாம்."

சொல்லும்போதே எனக்கு ரொம்பப் பொறுப்பா பேசுற மாதிரிதான் இருந்தது. அவ கோபப்படல. தட்டைப் பாத்துக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அண்ணா, அந்தக் காலேஜ் இத்தனை வருஷமா இருக்கு. அங்க படிச்சவங்க எல்லாம் எப்படிச் சாப்பிட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியல. தெரியாமலேயே அட்வைஸ் பண்ணியிருக்கேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன கதைதான் இன்னைக்கு எபிசோட்.

கலைஞர்களுக்காகத் தொடங்கப்படாத பள்ளி

வருடம் 1850. மெட்ராஸ் பிராட்வேயில் ஒரு சிறிய ஓவியப் பள்ளி தொடங்கப்படுகிறது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். அவர் ஓவியர் இல்லை, கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்த மருத்துவர். தனியார் பள்ளியாகத்தான் ஆரம்பித்தார். சில வருடங்களிலேயே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கல்கத்தா, பம்பாய், லாகூர் கலைப் பள்ளிகளெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. அதாவது, நம்ம பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் பஸ்ஸில் கடந்து போகும் அந்தச் சிவப்புக் கட்டிடக் கல்லூரிதான் நாட்டிலேயே மூத்தது.

ஆனால் அங்கே 'ஆர்ட்டிஸ்ட்' உருவாக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஹன்டரின் நோக்கமே வேறு. மக்கள் அன்றாடம் புழங்கும் பொருட்களின் வடிவமும் வேலைப்பாடும் மேம்படணும், அவ்வளவுதான். அதனால் ஓவியப் பள்ளியோடு ஒரு தொழிற்பிரிவும் சேர்ந்தது. பானை, செங்கல், ஓடு, மரச் செதுக்கல், அச்சுக்கான பிளாக் என்று வேலை போனது. கேமரா புதுசாக வந்திருந்த அந்த 1850-களிலேயே போட்டோகிராபியும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்து முடித்தவர்கள் டிராஃப்ட்ஸ்மேனாக, பிளாக் செதுக்குபவராக, டிராயிங் மாஸ்டராகப் போனார்கள்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க. "படிச்சா வேலை கிடைக்குமா?" அப்படிங்கிறது என் சித்தி கண்டுபிடிச்ச கேள்வி இல்லை. அந்தப் பள்ளிக்கு அஸ்திவாரம் போட்டதே அந்தக் கேள்விதான். நாம் என்னவோ கலைக் கல்லூரி என்றால் வேலை பற்றிக் கவலைப்படாதவர்களின் இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொடங்கும்போது அது கிட்டத்தட்ட ஒரு ஐ.டி.ஐ.

இன்ஜினியர்களுக்காகவே ஒரு குட்டிக் கதை. 1898-ல் மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜின் பேராசிரியர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் இந்தக் கலைப் பள்ளியின் பட்டறையில் ஒரு சோதனையை ஆரம்பித்தார். அலுமினியம் அப்போது இந்தியாவுக்குப் புதுசு. நம் ஊர்ப் பாத்திரக் கைவினைஞர்களை வைத்து அதில் பாத்திரம் செய்ய முடியுமா என்று பார்த்தார். முடிந்தது. விற்கவும் செய்தது. சில வருடங்களில் அந்தத் தொழில் ஒரு தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. இந்தியாவின் அலுமினியப் பாத்திரத் தொழில் ஒரு ஆர்ட்ஸ் ஸ்கூல் பட்டறையில் தொடங்கியது என்பது, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

பட்டறையிலிருந்து ஸ்டூடியோவுக்கு

இதே பள்ளிக்கு 1884-ல் தலைமை ஏற்க வந்தவர் ஈ. பி. ஹாவெல். பிறகு கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போனார். அங்கே அவர் ஆதரித்து வளர்த்த ஓவியர் அபனீந்திரநாத் தாகூர். அபனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-ல் அந்த ராய் சௌத்ரி மெட்ராஸ் பள்ளிக்குத் தலைவராக வந்தார். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஓர் இந்தியர். மெட்ராஸிலிருந்து கிளம்பிய ஒரு நூல் கல்கத்தா போய்ச் சுற்றிவிட்டு மெட்ராஸுக்கே திரும்பி வந்திருக்கிறது.

அவரை உங்களுக்குத் தெரியும். பேர் தெரியாம இருக்கலாம், கை தெரியும். மெரினாவில் நாலு பேர் ஒரு பெரிய பாறையைத் தள்ளுகிற உழைப்பாளர் சிலை அவருடையது. அதே கடற்கரையில் கைத்தடியோடு நடக்கும் காந்தியும் அவருடையதே. இரண்டுமே 1959-ல் வந்தன.

அவர் காலத்தில்தான் பள்ளியின் முகம் மாறியது. தொழில் பயிற்சியிலிருந்து ஓவியம், சிற்பம் என்று எடை நகர்ந்தது. மாடலை நிறுத்தி வரைவது, வெளியே போய் நிலக்காட்சி வரைவது எல்லாம் பிரதானமாயின. பையன்கள் தங்களை டிராஃப்ட்ஸ்மேன் என்று நினைப்பதை விட்டு, ஆர்ட்டிஸ்ட் என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

பெருமையான விஷயம்தான். ஆனால் அதோடு ஒரு பிரச்சினையும் பிறந்தது. டிராஃப்ட்ஸ்மேனுக்கு அரசாங்கத்தில் வேலை இருக்கு. ஆர்ட்டிஸ்டுக்கு? ராய் சௌத்ரிக்குச் சம்பளமும் இருந்தது, சிலை செய்யச் சொல்லி ஆர்டரும் வந்தது. அவரிடம் படித்து வெளியே வருகிற எல்லாருக்கும் அது கிடைக்குமா? படம் வாங்குகிற கூட்டமும் கேலரிகளும் அன்றைய மெட்ராஸில் ரொம்பக் குறைவு.

தந்தி ஆபீஸிலிருந்து வந்தவர்

ராய் சௌத்ரியின் மாணவர்களில் ஒருவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே வரைந்தவர். ஆனால் குடும்பச் சூழ்நிலை, தந்தித் துறையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 1936-ல், 25 வயதில், கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

25 வயசு. வேலைக்குப் போய்ப் பார்த்த ஒரு ஆள் திரும்பவும் முதல் வருஷ மாணவனா பெஞ்சில் உட்கார்றார். இதை நான் படிச்சப்போ லேப்டாப்பை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு இப்போ அதைவிட வயசு அதிகம்.

படிப்பை முடித்ததும் அங்கேயே ஆசிரியர் ஆனார். 1944-ல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிற்காலத்தில் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தால் ஜாதகக் கட்டம், கணிதக் குறி, படிக்க முடியாத எழுத்து எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். யாரோ ஒயிட்போர்டில் எழுதிவிட்டு அழிக்காமல் போனது மாதிரி எனக்குத் தோன்றும்.

வருடா வருடம் நல்ல மாணவர்கள் வெளியே போகிறார்கள். போனவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தங்கச்சி கேட்ட அதே கேள்வி.

அப்போ, எப்படிச் சாப்பிட்டாங்க?

அந்தத் தலைமுறையைத் தேடிப் பார்த்தால் ஒரே பதில் இல்லை, பல பதில்கள் இருக்கு.

ஒரு பதில், நெசவு. 1950-களில் மத்திய அரசின் கைத்தறி வாரியம் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியது. நெசவாளர்களுக்குப் புது டிசைன் போட்டுத் தர ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். துறையூர் பக்கம் கீரம்பூரிலிருந்து வந்த கே. எம். ஆதிமூலம் 1966-ல் கல்லூரியை முடித்த பிறகு அந்த மையத்தில்தான் வேலை பார்த்தார். வேலைக்குப் போய்க்கொண்டேதான் காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு காந்தி கோட்டோவியங்களை வரைந்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது அந்தக் கரிசல் மனிதர்களுக்கு முகம் கொடுத்ததும் அவர் கைதான். பல சிற்றிதழ்கள், புத்தகங்களின் தலைப்பு எழுத்துகளும் அவர் போட்டவை. நம்மில் பலர் அவர் பேர் தெரியாமலேயே அவர் எழுத்தைப் பார்த்து வளர்ந்திருக்கோம்.

இன்னொரு பதில், சினிமா. சூர்யா, கார்த்தியோட அப்பா சிவகுமார் இங்கே ஆறு வருஷம் ஓவியம் படிச்சவர். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவர். 1965-ல் 'காக்கும் கரங்கள்' படத்தில் நடிக்க வந்தார், மீதி உங்களுக்கே தெரியும். 'பாரதி' படத்தின் கலை இயக்கத்துக்கும் உடை வடிவமைப்புக்கும் தேசிய விருது வாங்கிய பி. கிருஷ்ணமூர்த்தியும் இங்கே படித்தவர்தான்.

மூன்றாவது பதில், வாத்தியார் வேலை. கேரளத்தின் பொன்னானி பக்கமிருந்து டி. கே. பத்மினி என்று ஒரு பெண் 1960-களின் தொடக்கத்தில் இங்கே வந்து பணிக்கரிடம் படித்தார். அந்த வகுப்புகளில் பெண்கள் ரொம்பக் குறைவு. படிப்பை முடித்ததும் சென்னையிலேயே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆனார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் தன் படங்கள்.

கவனிச்சீங்களா? இவங்க யாருமே படத்தை மட்டும் விற்றுச் சாப்பிடல. ஆனா படிச்ச படிப்பை ஓரமா வச்சுட்டும் போகல.

மெழுகும் மணலும்

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த பதில் இன்னும் துணிச்சலானது. 1960-களின் நடுவில் ஓவியர்களுக்கென்றே ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். ஓய்வு நேரத்தில் பாத்திக் துணி செய்தார்கள்.

பாத்திக் தெரியாதவங்களுக்கு: உருக்கின மெழுகால் துணியில் வரைவாங்க. அப்புறம் துணியைச் சாயத்தில் முக்கினா, மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த கலருக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துடுவாங்க. நடுவில் மெழுகு விரிசல் விட்ட இடத்தில் எல்லாம் சாயம் புகுந்து மெல்லிசா நரம்பு மாதிரி கோடு விழுந்திருக்கும். அதுதான் பாத்திக்கின் அழகு.

அந்தத் துணிகள் விற்றன. படம் வாங்கத் தயங்குகிற வீடுகளில்கூட ஒரு துணி வாங்குவார்கள். விற்ற காசில் ஒரு பங்கு சங்கத்துக்குப் போனது. அந்தச் சேமிப்பில்தான், 1966-ல், மகாபலிபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். பேர் சோழமண்டலம். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து, பெரிய பணக்காரப் புரவலர் யாரும் இல்லாமல், தாங்களே காசு போட்டு உருவாக்கிய கிராமம்.

இன்னைக்கு ஈசிஆர் என்றால் நமக்கு பீச் ஹவுஸும் வீக்கெண்ட் டிராஃபிக்கும்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அது மணலும் சவுக்கும். ஆரம்பத்தில் கரண்ட்டே கிடையாது. குடிசை போட்டுத்தான் தங்கினார்கள்.

இதில் இருக்கிற யோசனையை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். அதனால் படம் யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. விற்பதற்காக வரையத் தேவையில்லாத சுதந்திரத்தை, துணிக்குச் சாயம் போட்டுச் சம்பாதித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹன்டரின் பட்டறையிலிருந்து ஆர்ட்டிஸ்ட் என்ற அந்தஸ்துக்கு உயர நூறு வருடம் ஆனது. உயர்ந்து வந்த அந்த ஆர்ட்டிஸ்டுகள் பிழைக்க வழி தேடியபோது கைகொடுத்தது மறுபடியும் பட்டறைதான். இந்தத் தடவை முதலாளி அரசாங்கம் இல்லை, அவங்களே.

காப்பாற்றாதவையும் உண்டு

இங்கேயே எபிசோடை முடிச்சிருந்தா ஒரு நல்ல மோட்டிவேஷன் வீடியோ ஆகியிருக்கும். ஆனா முழுசா சொல்லணும் இல்லையா?

சோழமண்டலத்தில் கே. ராமானுஜம் என்று ஒருவர் இருந்தார். கனவில் வருகிற மாதிரி அரண்மனைகள், சிறகு முளைத்த உயிர்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர். நெருக்கமான கோடுகளில் அப்படி ஒரு உலகத்தையே வரைந்தார். கூட இருந்தவர்கள் அவருடைய திறமையை அறிந்திருந்தார்கள். ஆனால் மன வேதனையும் தனிமையும் அவரை விடவில்லை. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்தில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்மினி 1969-ல் பிரசவத்தின்போது இறந்துபோனார். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை விட்டுவிட்டுப் போனார். அவர் இன்னும் முப்பது வருஷம் வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நிலம் இருந்தால், நண்பர்கள் இருந்தால், கையில் ஒரு தொழில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. பசியை ஓரளவுக்குச் சமாளிக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறது.

நான் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தை

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை தங்கச்சியை பைக்கில் ஏற்றிக்கொண்டு சோழமண்டலம் போனேன். சித்தியும் பின்னாடியே ஆட்டோவில் வந்தாங்க, நம்பிக்கை இல்லாமத்தான். அங்கே இப்போ ஒரு அருங்காட்சியகம் இருக்கு, 2009-ல் திறந்தது. வெளியே மரங்களுக்கு நடுவில் சிற்பங்கள்.

சித்தி ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி நின்னு, "இது என்னது?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. தங்கச்சி சொல்லிக்கிட்டே வந்தா. ஒரு இடத்துல அவளுக்கும் தெரியல, "தெரியலம்மா, ஆனா இந்தப் பச்சையைப் பாரேன்"னா. சித்தி ரொம்ப நேரம் அந்தப் பச்சையைப் பாத்தாங்க. வெளியே வந்து டீ குடிக்கும்போது அவங்க கேட்டது, "இவங்களுக்கு எல்லாம் பி.எஃப். உண்டா?" நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது நியாயமான கேள்வி. இப்போ எனக்கும் அப்படித்தான் படுது.

நான் மன்னிப்புக் கேட்டது எதுக்குன்னா, அந்த "சைடுல" என்ற வார்த்தைக்கு. நான் படிச்சது மெக்கானிக்கல். இப்போ செய்றது பேமென்ட் ஆப்புக்கு கோட் எழுதுற வேலை. நாலு வருஷம் படிச்ச தெர்மோடைனமிக்ஸ் இன்னைக்கு எங்க இருக்குன்னு யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை. "இன்ஜினியரிங் படிச்சா வேலை கிடைக்குமா?"ன்னு என் வீட்டுல ஒருத்தர்கூட என்னை உட்கார வச்சுக் கேட்கல. அந்தக் கேள்வி ஓவியம் படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் வருது.

ஆதிமூலத்துக்கும் பத்மினிக்கும் ஆபீஸோ, ஸ்கூலோ இருந்தது உண்மைதான். ஆனால் நடுவில் இருந்தது ஓவியம், அதைச் சுற்றித்தான் வேலையை அமைத்துக்கொண்டார்கள். நான் அவளிடம் அப்படியே தலைகீழாகச் சொல்லியிருந்தேன்.

அதனால் இந்தத் தடவை அவளுக்கு அட்வைஸ் பண்ணல, தெரிஞ்ச தகவலை மட்டும் சொன்னேன். நாலு வருஷப் படிப்பு. பெயின்டிங், சிற்பம், பிரின்ட்மேக்கிங் இருக்கிற அதே கல்லூரியில் செராமிக், டெக்ஸ்டைல், விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவுகளும் இருக்கு. ஹன்டரோட பட்டறை இன்னும் அங்கேதான் இருக்கு, பேர்தான் மாறியிருக்கு. பெயின்டிங் எடு, ஆனா பக்கத்துப் பிரிவுக் கதவைத் தட்டிக்கிட்டே இரு. ஒரு கைத்தொழிலைக் கத்துக்கோ. கூடப் படிக்கிறவங்களை விட்டுடாதே, சோழமண்டலத்துக்கு நிலம் வாங்கினது தனி ஆள் இல்லை. மனசு சரியில்லைன்னா எவ்வளவு ராத்திரியானாலும் எனக்கு போன் பண்ணு.

அவ கேட்டா, "அப்போ நீ அம்மாகிட்ட பேசுறியாண்ணா?"

பேசினேன். சித்தி இன்னும் முழுசா சரின்னு சொல்லல. ஆனா போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாங்க. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில பேப்பர் விரிச்சு, செய்முறைத் தேர்வுக்காக தங்கச்சி ஒரு சொம்பையும் ரெண்டு வெங்காயத்தையும் வச்சு வரைஞ்சிட்டிருக்கா. கீழே சித்தி எழுதியிருந்தாங்க: "சொம்பு கொஞ்சம் கோணலா இருக்கோ?"

கோணலாத்தான் இருந்தது. அவளே அழிச்சுத் திரும்பப் போட்டுட்டிருக்கா.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, இந்த எபிசோடை அந்த சித்திக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.